மதுவை விற்ற வாரியமும் அதைக் கண்காணித்த மன்றமும்
தென் கரோலினா, 1892–1907: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

மதுவைக் குறித்துத் திருச்சபை பேசும்பொழுதெல்லாம் பெரும்பாலும் குடிப்பவனை நோக்கியே பேசி வந்துள்ளது. அவனுடைய பாவம், அவனுடைய மனந்திரும்புதல், அவன் குடும்பத்தாரின் கண்ணீர் ஆகியனவே நம் பிரசங்கங்களின் பொருளாய் அமைந்துள்ளன. மதுவை விற்பவனைப் பற்றியும் ஓரளவு பேசியுள்ளோம். ஆனால் அவ்விற்பனையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பைப் பற்றியும், அவ்வமைப்பை மக்கள் சார்பில் கண்காணிக்கக் கடமைப்பட்ட சட்டமன்றத்தைப் பற்றியும் நாம் சிந்தித்தது மிகக் குறைவு. தனிமனித ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வியே விசுவாசத்திற்குரிய கேள்வி என்றும், நிர்வாகத்தைப் பற்றிய கேள்வி உலகத்திற்குரியது என்றும் பிரித்துப் பழகிவிட்டோம்.

இப்பிரிவினை சரியன்று என்பதை ஒரு வரலாற்று எடுத்துக்காட்டின் வழியாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றான தென் கரோலினா மாநிலத்தில், 1893 முதல் 1907 வரை, மதுவை வாங்குவதும் புட்டியில் அடைப்பதும் விற்பதும் அரசின் ஏகபோக உரிமையாய் இருந்தன. அதனை நடத்த ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. அந்த வாரியத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு சட்டமன்றத்தைச் சார்ந்திருந்தது. அந்தக் கண்காணிப்பு ஏன் பல ஆண்டுகள் உறங்கியது, பின்னர் எவ்வாறு விழித்தது என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

2. 1892: வாக்கெடுப்பும் இடைவழியும்

தென் கரோலினாவில் மதுவிலக்கு இயக்கம் பெரிதும் திருச்சபைகளில் வேரூன்றி வளர்ந்தது. பாப்டிஸ்டு, மெதடிஸ்டு சபையினர் அதில் முன்னின்றனர். சார்ல்ஸ்டன் நகரைச் சேர்ந்த சாலி சேப்பின் அம்மையார் கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தின் மாநிலத் தலைவியாய் இருந்து ஊர்தோறும் பணியாற்றினார். இவ்வுழைப்பின் பயனாக, 1892 ஆம் ஆண்டில் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய உட்கட்சித் தேர்தலில், மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கும் தனியே வாக்குப் பெறப்பட்டது. அக்கேள்விக்கு விடையளித்தவருள் பெரும்பான்மையோர் மதுவிலக்கு வேண்டும் என்றனர்.

இந்த வாக்கெடுப்பை மக்களின் தீர்ப்பு என்று கூறுமுன் ஓர் உண்மையை மறவாதிருத்தல் வேண்டும். அக்காலத்தில் அம்மாநில மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கினர் கறுப்பின மக்கள். ஆனால் அக்கட்சியின் உட்தேர்தல் நடைமுறையில் வெள்ளையரின் தேர்தலாகவே இருந்தது. ஆகவே மக்கள் தீர்ப்பு என்று பேசப்பட்டது, மக்களுள் ஒரு சிறுபான்மையின் தீர்ப்பே. கண்காணிப்பைப் பற்றிய நம் ஆய்வில் இக்குறை அடித்தளத்திலேயே இருப்பதை நினைவிற் கொள்வோம்.

அவ்வாண்டு இறுதியில் சட்டமன்றம் கூடியபோது, இளம் உறுப்பினரான டேனியல் ரோப்பர் கொண்டுவந்த மதுவிலக்கு மசோதாவைக் கீழவை நிறைவேற்றியது. மேலவையிலோ நிலைமை மாறியது. அப்போது மாநிலத்தின் ஆளுநராய் இருந்தவர் பெஞ்சமின் டில்மன். அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆட்சி நடத்துபவர் என்பதைக் கருத்திற் கொள்ள வேண்டும். டில்மன் சிறு விவசாயிகளின் தலைவராய் எழுந்தவர். அதே வேளையில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிப்பதில் முன்னின்றவர். முழு மதுவிலக்கையும் அவர் விரும்பவில்லை, தனியார் சாராயக் கடைகளையும் விரும்பவில்லை. அவருடைய வற்புறுத்தலால் மேலவையில் மதுவிலக்கு மசோதாவுக்குப் பதிலாக வேறொரு மசோதா வைக்கப்பட்டது. அதன்படி தனியார் மதுக்கடைகள் யாவும் மூடப்படும்; அரசே மதுவை விற்கும். 1892 டிசம்பரில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்திய நாளில் அது சட்டமாயிற்று.

இத்திட்டம் முற்றிலும் புதியதன்று. சுவீடன் நாட்டின் கோட்டன்பர்க் நகரில் 1865 முதல் மது விற்பனை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, பங்குதாரருக்கு அளவான வட்டி போக எஞ்சிய இலாபம் பொது நன்மைக்குச் செலவிடப்பட்டு வந்தது. அண்டை மாநிலமான ஜார்ஜியாவில் ஆதன்ஸ் நகரம் 1891 இல் நகராட்சியின் பெயரால் மதுக்கடை ஒன்றைத் திறந்திருந்தது. ஆனால் ஒரு மாநிலம் முழுவதும் அரசே மது வணிகராக முன்வந்தது அமெரிக்காவில் இதுவே முதன்முறை.

மதுவிலக்குக் கோரிய திருச்சபையார் இதனை எவ்வாறு ஏற்றனர்? சிலர் இதனை முழு மதுவிலக்குக்கு முதற்படி என்று கருதினர். வேறு சிலர் தங்கள் கோரிக்கை திருடப்பட்டது என்று வருந்தினர். இவ்வாறு இயக்கம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கோரிக்கையை எதிர்ப்பதைவிட, அதற்குப் பாதி இணங்கி அதன் ஆதரவாளரைப் பிரிப்பது எளிது என்பதை அரசியலார் அறிவர்.

3. டிஸ்பென்சரி இயங்கிய விதம்

அரசின் மதுக்கடைக்கு இடப்பட்ட பெயர் ‘டிஸ்பென்சரி’ என்பது. நம் நாட்டில் இச்சொல்லைக் கேட்டவுடன் மிஷன் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் அறையே நினைவுக்கு வரும். அப்பெயரை இட்டவர்களின் எண்ணமும் அதுவே. சாராயக் கடை என்னும் இழிபெயர் நீங்கி, அளவறிந்து பொருள் வழங்கும் கண்ணியமான இடம் என்ற தோற்றம் உண்டாக வேண்டும் என்று அவர்கள் விரும்பினர்.

விதிகளும் அதற்கேற்பவே அமைந்தன. கடை பகலில் மட்டுமே திறந்திருக்கும். முத்திரையிட்ட புட்டியிலன்றி மது விற்கப்படாது. கடையில் அமர்ந்து குடிக்க இடமில்லை. வாங்குபவர் தம் கையொப்பமிட்ட வேண்டுகோளை எழுதித்தர வேண்டும். இளைஞருக்கும் குடிவெறியர் என்று அறியப்பட்டோருக்கும் விற்கலாகாது. சரக்கு யாவும் தலைநகரான கொலம்பியாவிலுள்ள மைய நிலையத்திற்கு வந்து, சோதிக்கப்பட்டு, பனைமரச் சின்னம் பொறித்த புட்டிகளில் அடைக்கப்பட்டு மாவட்டங்களுக்கு அனுப்பப்படும். 1893 ஜூலை 1 அன்று இம்முறை நடைமுறைக்கு வந்தது.

நிர்வாக அமைப்பு இவ்வாறு இருந்தது: உச்சியில் மாநிலக் கட்டுப்பாட்டு வாரியம், சரக்குகளை வாங்குவதற்கு ஓர் ஆணையர், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு மாவட்ட வாரியம், அதன்கீழ் கடைகளை நடத்தும் அலுவலர். சட்டத்தை மீறிக் கள்ளத்தனமாய் விற்போரைப் பிடிக்க ஆளுநரின் ஆணைக்குட்பட்ட தனிக் காவலர் படையும் இருந்தது. இலாபம் மாநிலத்திற்கும் மாவட்டத்திற்கும் நகராட்சிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1895 ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு, மாநிலத்திற்குரிய பங்கைப் பொதுப் பள்ளிகளுக்குப் பயன்படுத்துமாறு விதித்தது.

காகிதத்தில் நோக்கினால் இது நல்ல ஏற்பாடாகவே தோன்றும். அளவு உண்டு, தூய்மை உண்டு, தனியார் பேராசைக்கு இடமில்லை, இலாபமோ குழந்தைகளின் கல்விக்கு. ஆனால் பள்ளிக்கூடத்தின் வருவாய் மதுக்கடையின் விற்பனையோடு இணைக்கப்பட்ட அன்றே, மதுக்கடையைக் குறை கூறுபவர் பள்ளிக்கூடத்திற்குப் பகைவராய்த் தோன்றும் நிலை உருவாயிற்று. இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

4. துப்பாக்கியும் நீதிமன்றமும்

தொடக்கத்தில் எழுந்த எதிர்ப்பு ஊழலைப் பற்றியதன்று, அதிகாரத்தைப் பற்றியது. காவலர்கள் கள்ளச் சரக்கைத் தேடி வீடுகளில் நுழைவது மக்களுக்குச் சினமூட்டியது. 1894 மார்ச் இறுதியில் டார்லிங்டன் நகரில் காவலருக்கும் மக்களுக்கும் மூண்ட மோதலில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. ஆளுநர் குடிப்படையை அழைத்தபோது அதன் சில பிரிவுகள் செல்ல மறுத்துவிட்டன. இரயில் பாதைகளையும் தந்தி நிலையங்களையும் ஆளுநர் தம் கட்டுப்பாட்டில் எடுக்க நேர்ந்தது.

அடுத்த மாதமே மாநில உச்ச நீதிமன்றம், மூவருள் இருவர் கருத்தின்படி, 1892 ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மதுவைத் தடுப்பதற்கு அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் குடிமக்களிடமிருந்து ஒரு வணிகத்தைப் பறித்துத் தானே நடத்துவது தடுப்பு ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். கடைகள் மூடப்பட்டன. ஆனால் அம்மாநிலத்தில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதும் சட்டமன்றமே. டில்மனின் கீழ்த் துணை ஆளுநராய் இருந்த யூஜின் கேரி நீதிபதியாய் அமர்ந்தபின், திருத்தப்பட்ட சட்டம் அவ்வாண்டிலேயே செல்லும் என்று தீர்ப்பாயிற்று. கடைகள் மீண்டும் திறந்தன.

நாட்டின் உச்ச நீதிமன்றத்திற்கும் இவ்விஷயம் பலமுறை சென்றது. அவற்றுள் 1905 டிசம்பரில் அளிக்கப்பட்ட தீர்ப்பு இறையியல் மாணாக்கரின் கவனத்திற்குரியது. மாநிலத்தின் மதுக்கடைகள் மத்திய அரசுக்கு உரிம வரி செலுத்த வேண்டுமா என்பது வழக்கு. மாநில அரசின் பணிகளுக்கு மத்திய வரி இல்லை என்று தென் கரோலினா வாதிட்டது. நீதிமன்றம், அறுவருக்கு மூவர் என்ற பெரும்பான்மையால், அதை மறுத்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டேவிட் புரூவர். இவர் ஓர் அமெரிக்க மிஷனெரியின் மகனாய், ஆசியா மைனரிலுள்ள சிமிர்னா நகரில் பிறந்தவர். ஆளுகை வேறு, வணிகம் வேறு. அரசு வணிகனின் தொழிலை மேற்கொண்டால் வணிகனுக்குரிய வரியையும் ஏற்க வேண்டும் என்பது அவர் தீர்ப்பின் கருத்து. அரசு தொட்டதனால் மட்டும் ஒரு வணிகம் ஆளுகைப் பணியாகிவிடாது என்னும் இவ்வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

5. கண்காணித்தவர் யார்?

இனி மையக் கேள்விக்கு வருவோம். இவ்வாரியத்தை யார் கண்காணித்தனர்?

முதலில் வாரியத்தின் உறுப்பினர் ஆளுநரும் மாநிலத்தின் உயர் அலுவலர் இருவருமாய் இருந்தனர். அதாவது, நிர்வாகத்தை நடத்துவோரே வாரியமாயும் இருந்தனர். இதில் குறை உண்டு என்று கண்ட சட்டமன்றம் 1896 இல் ஐவர் கொண்ட வாரியத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் முறையைக் கொணர்ந்தது. 1900 இல் அது மூவர் கொண்ட இயக்குநர் குழுவாகச் சுருக்கப்பட்டது. அவர்களையும் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. சரக்கு வாங்கும் பொறுப்பு படிப்படியாக வாரியத்தின் கைக்கு வந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது மக்களாட்சியின் வெற்றி. மக்களின் பிரதிநிதிகள் வாரியத்தை நியமிக்கின்றனர். ஆகவே வாரியம் மக்களுக்குப் பொறுப்புடையதாகிறது என்று வாதிக்கலாம். உண்மையில் நிகழ்ந்தது வேறு. வாரியப் பதவிக்கு விழைந்தோர் சட்டமன்ற உறுப்பினரின் ஆதரவைத் தேடி அலைந்தனர். உறுப்பினர் தத்தம் மாவட்டங்களில் கடை அலுவலர் பதவிகளைத் தம் ஆதரவாளருக்குப் பெற்றுத்தர வாரியத்தை நாடினர். மாநிலம் முழுவதற்கும் வேண்டிய சரக்கை வாங்கும் வாய்ப்பு ஒரு சிலர் கையில் இருந்ததால், மது உற்பத்தி நிறுவனங்களின் முகவர்கள் கொலம்பியாவை மொய்த்தனர். மாவட்டங்களும் நகராட்சிகளும் இலாபப் பங்கை எதிர்நோக்கின. பள்ளிகள் தம் பங்கை எதிர்நோக்கின.

இவ்வாறு நோக்கும்போது, சட்டமன்றம் ஒரே வேளையில் மூன்று நிலைகளில் நின்றது: வாரியத்தை நியமிப்பது அதுவே, வாரியத்தின் வருவாயைப் பங்கிடுவது அதுவே, வாரியம் தவறு செய்தால் தீர்ப்புக் கூறவேண்டியதும் அதுவே. இம்மூன்றும் ஓரிடத்தில் கூடியபோது மூன்றாவது கடமை முதலிரண்டுக்கும் அடிமையாயிற்று. எவரும் சட்டமன்றத்தைக் கண்காணிக்க வேண்டாம் என்று தடுக்கவில்லை. கண்காணிக்கும் விருப்பமே அங்கு வற்றிப்போயிற்று. மது நிறுவனங்கள் சரக்கின் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதும், அத்தொகை கருவூலத்திற்கு வராமல் வேறு கைகளுக்குச் செல்வதாய் ஐயம் எழுவதும் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலேயே பேசப்பட்டன. எனினும் முழு விசாரணைக்கு 1905 வரை காத்திருக்க நேர்ந்தது.

சாமுவேல் முதுமையடைந்து தன் குமாரரை நியாயாதிபதிகளாக ஏற்படுத்தியதையும், அவர்கள் பொருளாசைக்குச் சாய்ந்து பரிதானம் வாங்கியதையும் 1 சாமுவேல் 8 ஆம் அதிகாரம் கூறுகிறது. சாமுவேல் தாமே பரிதானம் வாங்கியவரல்லர். அவர்மேல் ஒரு குற்றமும் எவரும் காணவில்லை. எனினும் தாம் நியமித்தவர்களை அவரால் திருத்த இயலவில்லை. வேறொருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

6. 1905: விசாரணைக் குழு

மாற்றத்திற்கு வழிதிறந்த முதல் நிகழ்ச்சி 1904 இல் இயற்றப்பட்ட பிரைஸ் சட்டம். அதன்படி ஒரு மாவட்டத்தின் வாக்காளர் விரும்பினால் தம் எல்லைக்குள் டிஸ்பென்சரிகளை மூடிவிடலாம். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. மூடிய மாவட்டம் இலாபத்தில் தன் பங்கை இழக்கும். சட்டத்தை நிலைநிறுத்தும் செலவுக்குக் கூடுதல் சொத்துவரியும் செலுத்த வேண்டும். இவ்விலையைக் கொடுத்தும் பல மாவட்டங்கள் கடைகளை மூட முன்வந்தன. வருவாயை இழக்க ஆயத்தமானவர்கள் முதன்முதலாகச் சுதந்திரமாகப் பேசத் தொடங்கினர். இது நம் ஆய்வில் முக்கியமான திருப்பம்.

அடுத்த ஆண்டு, 1905 இல், சட்டமன்றம் தன் இரு அவைகளிலுமிருந்து உறுப்பினரைத் தெரிந்து ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. ஹே என்பவர் அதன் தலைவர். பியூபர்ட் நகரைச் சேர்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன், அபவில் மாவட்டத்தைச் சேர்ந்த பிரேசர் லயன் ஆகியோர் அதில் ஊக்கத்தோடு உழைத்தனர். டிஸ்பென்சரி முறையை ஆதரித்த கோல் பிளீஸ் என்பவரும் குழுவில் ஓர் உறுப்பினர். ஆகவே இது ஒரு சார்பினர் மட்டும் கூடிய குழுவன்று.

குழு சாட்சிகளை அழைத்து உறுதிமொழியின் பேரில் விசாரித்தது. கணக்கேடுகளையும் கடிதங்களையும் வரவழைத்துப் பார்த்தது. விசாரணையைப் பொதுமக்களும் பத்திரிகையாளரும் அறிய நடத்தியது. தேவைக்கு மிஞ்சி வாங்கிக் குவித்த சரக்கு, சந்தை விலைக்கு மேற்பட்ட கொள்முதல், நிறுவன முகவர்கள் அளித்த அன்பளிப்புகள், பதவிக்காகக் கைமாறிய பணம், மாவட்டக் கடைகளின் கணக்கில் கண்ட குறைவுகள் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

இக்குழு புதிதாக எந்தச் சட்டத்தையும் கண்டுபிடிக்கவில்லை. அது பயன்படுத்திய அதிகாரம் யாவும் சட்டமன்றத்திற்கு முன்னரே இருந்தவை. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பூட்டிய அறைக்குத் திறவுகோல் மன்றத்தின் மடியிலேயே இருந்தது.

7. கலைப்பும் கணக்குத் தீர்ப்பும்

உண்மை வெளிப்பட்டவுடன் வாரியம் வீழ்ந்துவிடவில்லை. 1906 ஆம் ஆண்டுச் சட்டமன்றக் கூட்டம் முடிந்தபோதும் டிஸ்பென்சரி நிலைத்தே இருந்தது. தீர்ப்பு மக்களிடம் சென்றது. அவ்வாண்டுத் தேர்தலில் டில்மன் மாநிலமெங்கும் சுற்றித் தம் படைப்பைக் காத்துப் பேசினார். மக்கள் அவரை நாட்டின் செனட் சபைக்கு மீண்டும் அனுப்பினர். ஆனால் அவர் திட்டத்தைக் கைவிட்டனர். டிஸ்பென்சரியைச் சீர்திருத்தி நடத்தலாம் என்ற ரிச்சர்டு மானிங்கை ஏற்காமல், அந்தந்த மாவட்டமே முடிவு செய்யட்டும் என்ற மார்ட்டின் ஆன்சலை ஆளுநராக்கினர். விசாரணைக் குழுவில் உழைத்த லயன் மாநிலத் தலைமை வழக்கறிஞராய்த் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1907 இல் கேரி–காத்ரன் சட்டம் மாநில டிஸ்பென்சரியைக் கலைத்தது. மாவட்டங்கள் தாமே கடை நடத்தலாம், அல்லது மதுவிலக்கை ஏற்கலாம் என்று விடப்பட்டது. எஞ்சிய சொத்தை விற்றுக் கடன்களைத் தீர்க்க ஓர் ஆணையக் குழு அமைந்தது. அக்குழு, மது நிறுவனங்கள் கேட்ட தொகையை அப்படியே கொடுக்கவில்லை. முன்பு மிகை விலை வைத்து ஏமாற்றியவற்றைக் கணக்கிட்டுக் கழித்தது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1909 இல் நாட்டின் உச்ச நீதிமன்றம், ஆணையக் குழுவின் மீது தொடுத்த வழக்கு மாநிலத்தின் மீதே தொடுத்த வழக்காகும். மாநிலத்தின் இசைவின்றி அதனை மத்திய நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்று கூறிற்று. புட்டி செய்து விற்ற ஒரு நிறுவனத்தின் வழக்கு 1916 வரை நீண்டது. கண்காணிக்கத் தவறிய ஆண்டுகளைவிடக் கணக்குத் தீர்க்க எடுத்த ஆண்டுகள் அதிகம் குறைந்தவையல்ல.

மது நிறுவனங்கள் கேட்டதைக் கொடுக்க மறுத்த மாநிலம், முடிவில் தன் வருவாயையும் துறக்க ஆயத்தமாயிற்று. 1915 இல் நடந்த வாக்கெடுப்பில் முழு மதுவிலக்குக்கு ஆதரவு கிடைத்து, 1916 தொடக்கத்திலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. மதுவிலக்கு அதன்பின் சந்தித்த இடர்கள் வேறொரு வரலாறு. அது ஈண்டு நம் பொருளன்று.

8. பிற்கால ஏற்பாடுகள்

1933 இல் அமெரிக்கா முழுவதற்குமான மதுவிலக்கு நீக்கப்பட்டபின், பல மாநிலங்கள் மது வாரியங்களை அமைத்தன. இன்றும் பதினேழு மாநிலங்களில் மது வணிகத்தின் ஏதேனும் ஒரு படி அரசின் கையில் உள்ளது. வாரியத்தை யார் நியமிப்பது என்ற கேள்வியோடு, அது எப்போது, எவ்வாறு கணக்குக் கொடுக்கும் என்ற கேள்வியும் முதன்மை பெற்றது.

இதற்கு ஒரு விடையாக எழுந்தது ‘சூரிய மறைவுச் சட்டம்’ எனப்படும் முறை. கொலராடோ மாநிலம் 1976 இல் இதனை முதலில் இயற்றியது. டெக்சஸ் 1977 இல் பின்பற்றியது. இம்முறையில் ஓர் அரசு அமைப்புக்கு முடிவு நாள் முன்னதாகவே குறிக்கப்படும். அந்நாளுக்குள் சட்டமன்றம் ஆராய்ந்து புதுப்பித்தாலன்றி அவ்வமைப்பு தானே மறையும். டெக்சஸில் சட்டமன்றத்தினரோடு பொதுமக்கள் சார்பில் இருவரும் இவ்வாய்வுக் குழுவில் அமர்வர். அம்மாநிலத்தின் மது ஆணையமும் இவ்வாய்வுக்கு உட்பட்டதே; 2019 ஆம் ஆண்டுச் சட்டமன்றக் கூட்டத்தை ஒட்டி அது மறு ஆய்வு செய்யப்பட்டது. ஐயம் எழுந்தால் விசாரிப்போம் என்பது பழைய முறை. ஐயம் எழாவிட்டாலும் குறித்த காலத்தில் கணக்குக் கேட்போம் என்பது புதிய முறை. கண்காணிப்பவரின் துணிவை நம்பியிராமல் நாட்காட்டியை நம்புவதே இதன் சிறப்பு.

9. திருச்சபையின் சிந்தனைக்கு

இவ்வரலாறு தொலைவிலுள்ள ஒரு மாநிலத்தின் பழங்கதையாகத் தோன்றலாம். ஆனால் அரசே மது வணிகராய் இருப்பது நமக்கு அன்னியமன்று. தமிழ்நாட்டில் 1983 இல் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 இறுதியிலிருந்து சில்லறை விற்பனையையும் தன்னிடம் கொண்டுள்ளது. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்று கூற இடமில்லை. எனினும் விற்பவர், வருவாய் பெறுபவர், கண்காணிப்பவர் ஆகிய மூவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் அமைப்பு இரண்டிற்கும் பொது. நம் சட்டப்பேரவையில் ஆண்டுதோறும் ஆயத்தீர்வைத் துறையின் மானியக் கோரிக்கை விவாதிக்கப்படுகிறது. பொது நிறுவனங்களை ஆராயும் குழுவும் உண்டு. இவற்றின் அறிக்கைகளை நம் ஆயர்களுள் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? மதுவை எதிர்த்து ஊர்வலம் செல்வது சாட்சியாகும். கணக்கைக் கேட்பதும் சாட்சியே.

வருவாயைத் துறக்கும் துணிவும் நம் மண்ணுக்குப் புதிதன்று. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய சென்னை மாகாண அரசு, இழப்பை ஈடு செய்ய 1939 இல் பொது விற்பனை வரியைக் கொணர்ந்தது. அவ்வரியின் நன்மை தீமைகள் எவ்வாறாயினும், ஒரு மன்றம் முதலில் தன் வருவாய்க்கு வேறு வழி தேடிக்கொண்டாலன்றி மதுவைப் பற்றி நேர்மையாகத் தீர்ப்புக் கூற இயலாது என்பதை அது உணர்ந்திருந்தது. தென் கரோலினாவின் மாவட்டங்கள் 1904 இல் கற்ற பாடமும் இதுவே. யூதாஸ் எறிந்த வெள்ளிக்காசை என்ன செய்வதென்று பிரதான ஆசாரியர் திகைத்ததாக மத்தேயு 27 இல் காண்கிறோம். அதைக் காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்று அறியுமளவு அவர்களுக்கும் மனச்சாட்சி இருந்தது. ஆனால் அதனைக் கொடுத்தவர் யார் என்ற கேள்வியை அவர்கள் தங்களிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

இறுதியாக, இக்கேள்வி திருச்சபையின் வாசலுக்கும் வருகிறது. நம் திருமண்டலங்களிலும் பேரவை செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. செயற்குழு பள்ளி, கல்லூரி, மருத்துவமனை ஆகியவற்றின் பதவிகளை நிரப்புகிறது. அப்பதவி பெற்றோரும் அவர்தம் உறவினரும் மீண்டும் பேரவையில் அமர்கின்றனர். நியமிப்பவரும் பயன்பெறுபவரும் கணக்குக் கேட்பவரும் இங்கும் ஒருவரே ஆகும்பொழுது, தென் கரோலினாவின் சட்டமன்றத்தை நாம் குறைகூற எந்த உரிமையோடு எழுந்து நிற்போம்? அரசின் கணக்கைக் கேட்கும் திருச்சபை தன் கணக்கை முதலில் திறந்து வைக்க வேண்டும்.

மோசேக்கு எத்திரோ கூறிய ஆலோசனையில், அதிகாரிகளுக்குரிய தகுதிகளுள் ஒன்று பொருளாசையை வெறுத்தல் என்று யாத்திராகமம் 18 சொல்லுகிறது. ஆயினும் தகுதியுள்ள மனிதரை நியமிப்பதோடு வேதாகமம் நின்றுவிடவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய தர்மப்பணத்தைப் பவுல் தனியே எடுத்துச் செல்லவில்லை. சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட சகோதரரை உடன் அழைத்துச் சென்றார். தேவனுக்கு முன்பாக மட்டுமன்றி மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்யக் கருத்தாயிருந்ததே அதற்குக் காரணம் என்று 2 கொரிந்தியர் 8 ஆம் அதிகாரத்தில் விளக்குகிறார். அவர் நேர்மையை எவரும் ஐயுறுமுன்னரே தம்மைக் கண்காணிப்புக்கு உட்படுத்தினார். அப்போஸ்தலருக்குத் தேவைப்பட்ட கண்காணிப்பு வாரியங்களுக்கும் மன்றங்களுக்கும் திருமண்டலங்களுக்கும் தேவையில்லை என்று எவர் கூறக்கூடும்?